கோழிக்கொட்டகை விளக்கு: சுவிட்ச், டைமர், டிம்மர்... யாருக்கு எது ஏற்றது?

அதிகாலை 4 மணி. நாமக்கல் வட்டாரத்தில் எந்தச் சாலையில் போனாலும், இருட்டுக்கு நடுவே நீள நீளமாகக் கோழிக்கொட்டகைகள் ஒளிர்வதைப் பார்க்கலாம். சூரியன் எழ இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். ஆனால், உள்ளே இருக்கும் கோழிகளுக்கு விடிந்துவிட்டது. தீவனத் தொட்டியில் அலகு படும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும்.

அந்த விடியலைக் கொண்டுவருவது, பெரும்பாலும் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சின்னப் பெட்டி. அது சரியாக வேலை செய்யும் வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தவறினால், தீவனத்தை மாற்றிப் பார்ப்பார்கள், தடுப்பூசியைச் சந்தேகிப்பார்கள், தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். விளக்கைப் பற்றிய யோசனை கடைசியாகத்தான் வரும்.

1,000 முட்டைக்கோழிகள் உள்ள ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்வோம். அதிகாலை 4 மணி முதல் 6.30 வரை, மாலை 6 மணி முதல் 8 வரை விளக்கு எரியும்படி, முள் வைத்த சாதாரண டைமரைப் பொருத்தியிருக்கிறார்கள். ஒருநாள் இரவு 3 மணி நேரம் கரன்ட் இல்லை. கரன்ட் நின்றதும் அந்த டைமரின் கடிகாரமும் நின்றுபோகும். திரும்ப வந்ததும், விட்ட இடத்திலிருந்து ஓடும். மறுநாள் முதல் காலை விளக்கு 7 மணிக்கு, வெயில் ஏறிய பிறகு எரியும். மாலையில் 6 மணிக்கு இருட்டிவிடும். 9 மணிக்குத் திடீரென்று வெளிச்சம் வரும். 11 மணிக்கு அணையும். பண்ணையாளர் 8.30 மணிக்கு வந்து பார்த்தால், கொட்டகை இருட்டாக இருக்கும். விளக்கு வழக்கம்போல அணைந்துவிட்டது என்று நினைத்துப் போய்விடுவார். ஒரு நாளோடு சரிசெய்துவிட்டால் பாதிப்பு பெரிதாக இருக்காது. நாள்கணக்கில் கவனிக்காமல் விட்டால், முட்டை குறையத் தொடங்கும். ஆனால், ஒரு கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் வீதம் 110 கிலோ தீவனம் போட்டுத்தான் ஆக வேண்டும். 10 சதவிகிதம் உற்பத்தி குறைந்தால், தினமும் 100 முட்டைகள் நட்டம்.

ஆகவே, விளக்கைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் என்னென்ன வகைகள் உள்ளன, எது எங்கே உதவும், எது காசுக்குக் கேடு என்று தெரிந்துகொள்வது அவசியம்.

வெளிச்சம் முட்டையாவது எப்படி?

கோழி, வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குள் போகும் வெளிச்சத்தையும் உணர்கிறது. அங்கிருந்து கிளம்பும் தூண்டுதல், ஹார்மோன்கள் வழியாகச் சினைப்பையை இயக்குகிறது. பகல் நீளும்போது 'முட்டையிடும் காலம்' என்றும், பகல் சுருங்கும்போது 'ஓய்வுக் காலம்' என்றும் அதன் உடல் எடுத்துக்கொள்கிறது.

நாமக்கல் வட்டாரத்தில் டிசம்பரில் பகல் பொழுது சுமார் பதினொன்றரை மணி நேரம். ஜூனில் சுமார் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். முட்டையிடும் கோழிக்குத் தேவையான வெளிச்சம் 14 முதல் 16 மணி நேரம். இடைவெளியை விளக்குதான் நிரப்ப வேண்டும்.

இதில் இரண்டு விதிகள் முக்கியமானவை. வளரும் பருவத்தில் வெளிச்ச நேரத்தைக் கூட்டக் கூடாது. கூட்டினால், உடல் வளர்ச்சி முழுமை அடையும் முன்பே முட்டையிடத் தொடங்கிவிடும். முட்டையிடும் பருவத்தில் வெளிச்ச நேரத்தைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் முட்டை நிற்கும், இறகு உதிரும். 16 முதல் 18 வாரங்களில், கோழியின் உடல் எடையைப் பார்த்து, வாரத்துக்கு அரை மணி நேரம் வீதம் கூட்டி 16 மணி நேரத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே நிறுத்துவதுதான் வழக்கம். எந்த வாரத்தில் தொடங்குவது என்பது இனத்தைப் பொறுத்து மாறும். குஞ்சு கொடுத்த பொரிப்பகத்தின் கையேட்டில் அது இருக்கும்.

நேரம் ஒரு பக்கம் என்றால், வெளிச்சத்தின் அளவு இன்னொரு பக்கம். அதை 'லக்ஸ்' என்ற அலகால் அளக்கிறார்கள். நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். பௌர்ணமி நிலவு ஒரு லக்ஸுக்கும் கீழே. குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 20 முதல் 40 லக்ஸ் தேவை. தீவனத்தையும் தண்ணீரையும் அவை கண்டுபிடிக்க வேண்டும். வளரும் கோழிக்கு 5 முதல் 10 லக்ஸ் போதும். முட்டையிடும் கோழிக்கு 10 முதல் 20 லக்ஸ். பிராய்லருக்கு முதல் வாரத்துக்குப் பிறகு 5 முதல் 10 லக்ஸ் போதும். தேவைக்கு மேல் வெளிச்சம் கொட்டினால், கோழிகள் ஒன்றையொன்று கொத்தும். ஒரு கோழிக்கு ரத்தம் வந்துவிட்டால், மற்றவை அதை விடாது.

ஆக, கொட்டகை விளக்கில் இரண்டு கேள்விகள் உண்டு. எவ்வளவு நேரம்? எவ்வளவு வெளிச்சம்? முதல் கேள்விக்கு விடை டைமர். இரண்டாவதுக்கு விடை டிம்மர். பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத கருவி வீட்டுக்கு வருகிறது.

எவ்வளவு நேரம்? நேரத்தை ஆளும் கருவிகள்

கை சுவிட்ச்: செலவே இல்லை. வீட்டை ஒட்டி 50, 100 கோழிகள் வளர்ப்பவர்களுக்கு இது போதும். ஆனால், தினமும் ஒரே நேரத்தில் போட்டு, ஒரே நேரத்தில் அணைக்க வேண்டும். திருவிழா, கல்யாணம், காய்ச்சல் என்று ஆள் மாறும் வீட்டில் இந்த ஒழுங்கு தங்காது.

முள் டைமர்: வட்டமான தட்டில் 15 நிமிடத்துக்கு ஒரு முள் இருக்கும். சில நூறு ரூபாயில் தொடங்குகிறது. படிக்கத் தெரியாதவர்கூட அமைத்துவிடலாம். பேட்டரி இல்லாத வகையை வாங்கினால், முதலில் சொன்ன கதைதான். கரன்ட் போன நேரமெல்லாம் கடிகாரம் பின்தங்கும். உள்ளே பேட்டரி உள்ள முள் டைமர்களும் கிடைக்கின்றன. கடையில் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

டிஜிட்டல் டைமர்: நிமிடக் கணக்கில் நேரம் வைக்கலாம். நாளில் பலமுறை எரிந்து அணையும்படி அமைக்கலாம். பேட்டரி இருப்பதால், கரன்ட் போனாலும் நேரம் மாறாது. வாரம் அரை மணி நேரம் கூட்டும் வேலைக்கு மிகவும் ஏற்றது. ஒரே குறை, அந்தச் சின்னப் பேட்டரி சில ஆண்டுகளில் செயலிழக்கும். புதுக்கோழி இறக்கும்போதெல்லாம் மெயினை அணைத்து, சிறிது நேரம் கழித்துப் போட்டு, நேரம் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஒளி உணரும் சுவிட்ச்: தெருவிளக்கில் இருப்பது போன்றது. இருட்டினால் எரியும், விடிந்தால் அணையும். இதை மட்டும் தனியாகக் கோழிக்கொட்டகையில் போட்டால், இரவு முழுக்க விளக்கு எரியும். கோழிக்கு இருட்டே கிடைக்காது. டைமரோடு சேர்த்துத் தொடராக இணைத்தால் நல்ல பலன் உண்டு. டைமரை அதிகாலை 4 முதல் இரவு 8 வரை வைத்துவிட்டு, பகல் வெளிச்சம் இருக்கும்போது அணைக்கும் வேலையை இதனிடம் விடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிய காலையில், விளக்கு தானாகக் கூடுதல் நேரம் எரியும். உணரும் கண்ணை, விளக்கு வெளிச்சம் படாத இடத்தில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் தன் விளக்கைப் பார்த்துத் தானே விடிந்ததாக நினைத்து அணையும். அணைந்ததும் மறுபடி எரியும். தூசியும் சிலந்தி வலையும் அதன் மேல் படியாமல் துடைத்துவர வேண்டும்.

சூரியக் கணக்கு டைமர்: ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒருமுறை பதிந்துவிட்டால், அன்றன்றைய சூரிய உதயம், மறைவு நேரத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். கண் இல்லை, தூசி பிரச்னை இல்லை. விலை கூடுதல். நம் ஊரில் ஆண்டு முழுக்க உதய நேரம் சுமார் முக்கால் மணி நேரம்தான் முன்பின்னாக மாறுகிறது என்பதால், சிறு பண்ணைக்கு இது அவசியம் என்று சொல்ல முடியாது.

எந்த டைமராக இருந்தாலும், எல்லா விளக்கின் மின்சாரமும் நேரடியாக அதன் வழியே போகக் கூடாது. எல்.இ.டி விளக்குகள் எரியத் தொடங்கும் நொடியில் மட்டும் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 30, 40 விளக்குகள் ஒரே நேரத்தில் இழுத்தால், டைமருக்குள் இருக்கும் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும், விளக்கு அணையாது. டைமர் ஒரு கான்டாக்டரை இயக்க, கான்டாக்டர் விளக்குகளை இயக்குவதுதான் சரியான முறை.

எவ்வளவு வெளிச்சம்? டிம்மர் வகைகள்

வரிசையைப் பிரிப்பது: டிம்மரே இல்லாத முறை. விளக்குகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு வரிசையாக வயரிங் செய்து, தனித்தனி சுவிட்ச் வைப்பது. ஒரு வரிசையை அணைத்தால் வெளிச்சம் பாதியாகும். மலிவானது, பழுதாக எதுவும் இல்லை. ஆனால், அணைந்த விளக்குக்குக் கீழே இருட்டுத் திட்டுகள் உருவாகும். ஆழ்கூள முறையில் கோழிகள் அந்த இருட்டு மூலையைத் தேடிப்போய்த் தரையில் முட்டையிடும். விளக்குகளை நெருக்கமாகவும் சிறிய வாட்டிலும் போட்டால், இந்தக் குறை பெருமளவு தீரும்.

மின்விசிறி ரெகுலேட்டர்: வீட்டில் கழற்றிப்போட்ட ரெகுலேட்டரை எடுத்து விளக்குக்குப் போடுவது பல பண்ணைகளில் நடக்கிறது. குண்டு பல்பாக இருந்தால் அது மங்கும். ஆனால், எல்.இ.டி பல்புக்குள் ஒரு சின்ன மின்னணுத் தகடு இருக்கிறது. மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வெளிச்சத்தைத் தருவதுதான் அதன் வேலை. ரெகுலேட்டரைக் குறைத்தாலும் ஓரளவு வரை வெளிச்சம் மாறாது. அதற்குக் கீழே போனால், மினுக்கும் அல்லது அணைந்துவிடும். பல்பின் ஆயுளும் குறையும். இந்த இரண்டையும் சேர்க்கக் கூடாது.

ட்ரையாக் டிம்மர்: திருகும் வகை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அரை அலைகள். இந்த டிம்மர் ஒவ்வொரு அரை அலையிலும் தொடக்கப் பகுதியைத் தடுத்து, மீதியை மட்டும் விடும். குண்டு பல்புக்கு என்றே பிறந்தது. எல்.இ.டி-க்கு வேண்டுமென்றால், பல்பின் அட்டைப்பெட்டியில் 'டிம்மபிள்' என்று அச்சிட்டிருக்க வேண்டும். சாதாரண எல்.இ.டி இதில் மினுக்கும், சூடாகும், சீக்கிரம் போகும். டிம்மபிள் பல்பிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய டிம்மர்கள் ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தபட்ச வாட் தேவை. 9 வாட் பல்பு மூன்றை மட்டும் மாட்டினால் மொத்தம் 27 வாட்தான். அது போதாமல் விளக்குகள் துடிக்கும். எல்.இ.டி-க்கு என்றே வரும் டிம்மர்கள், அலையின் தொடக்கத்துக்குப் பதிலாக முடிவுப் பகுதியை வெட்டும். அவற்றில் இந்தத் தொல்லை குறைவு. எல்லாப் பல்புகளும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்க வேண்டும். கலந்து போட்டால், மங்கும்போது ஒன்று எரியும், ஒன்று அணையும்.

பி.டபிள்யூ.எம் டிம்மர்: 12, 24 அல்லது 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் எரியும் எல்.இ.டி விளக்குகளுக்கானது. மடையை நினைத்துப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். பலகையைப் பாதி தூக்கிவைப்பது ஒரு முறை. முழுவதும் தூக்குவது, முழுவதும் மூடுவது என்று வேகமாக மாற்றிக்கொண்டே இருப்பது இன்னொரு முறை. இரண்டிலும் வயலுக்குப் போகும் தண்ணீர் பாதிதான். இந்த டிம்மர் இரண்டாவது முறையில் செயல்படுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் திறந்து மூடுகிறது. மிகக் குறைந்த வெளிச்சம் வரை சீராக இறங்கும். சோலார், பேட்டரியோடு நேரடியாக இணையும் என்பதால், மின்வெட்டு அதிகமுள்ள இடங்களுக்கு ஏற்றது.

இதில் கவனிக்க வேண்டியது வயர். மொத்தம் 60 வாட் விளக்குகள், 30 மீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் என்றால் 5 ஆம்பியர் ஓடும். 1.5 சதுர மி.மீ செம்புக் கம்பியில் போக வர 60 மீட்டர் கணக்கிட்டால், வழியிலேயே மூன்றரை வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். கடைசி விளக்கு அழுது வடியும். அதே 60 வாட்டை 24 வோல்ட்டில் கொண்டுபோனால், இழப்பு 2 வோல்ட்டுக்கும் குறைவு. நீளமான கொட்டகைக்கு 12 வோல்ட் வேண்டாம். 24 அல்லது 48 வோல்ட்தான் நல்லது.

0-10 வோல்ட் முறை: விளக்குக்கு 230 வோல்ட் தனியாகப் போகும். கூடவே இரண்டு மெல்லிய கம்பிகள் போகும். அவற்றில் 10 வோல்ட் இருந்தால் முழு வெளிச்சம்; 5 என்றால் ஏறக்குறையப் பாதி; 1 என்றால் மிகக் குறைவு. விளக்கின் டிரைவரிலேயே இதற்கான இணைப்பு இருக்க வேண்டும். முழுவதும் மூடிய, காற்றும் வெப்பமும் கருவிகளால் ஆளப்படும் கொட்டகைகளில், கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் இந்தக் கம்பி வழியாகத்தான் விளக்கோடு பேசுகின்றன. மாலையில் அரை மணி நேரத்தில் மெல்ல மங்கி அணைவதை இதில் துல்லியமாக அமைக்கலாம்.

டாலி, மொபைல் முறைகள்: ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் எண் கொடுத்து, கணினி போலக் கட்டளை அனுப்பும் முறைக்கு 'டாலி' என்று பெயர். ஓர் இணைப்பில் 64 விளக்குகள் வரை தனித்தனியாக ஆளலாம். பெரிய அலுவலகங்கள், மருத்துவமனைகளுக்காக வந்தது. கோழிக்கு அறை அறையாக வெளிச்சம் தேவையில்லை என்பதால், இதில் போடும் பணம் முட்டையாகத் திரும்பாது. மொபைல் மூலம் இயங்கும் சுவிட்சுகள் வசதியானவைதான். ஆனால், பண்ணையில் சிக்னல் இல்லாத நேரத்திலும், இணையம் அறுந்தாலும், பெட்டிக்குள் பதிந்த நேரப்படி தானே இயங்குமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

டிம்மர் போட்டால் கரன்ட் பில் குறையுமா?

விற்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

12 விளக்குகள் உள்ள கொட்டகை. தினமும் 4 மணி நேரம் கூடுதல் வெளிச்சம். 60 வாட் குண்டு பல்பு என்றால் மொத்தம் 720 வாட். மாதம் சுமார் 86 யூனிட். அதே அளவு வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி என்றால் மொத்தம் 108 வாட். மாதம் சுமார் 13 யூனிட். பல்பை மாற்றியதிலேயே 73 யூனிட் மிச்சம். அதற்கு மேல் டிம்மர் போட்டு வெளிச்சத்தைப் பாதியாக்கினால், மிச்சமாவது மாதம் ஆறு, ஏழு யூனிட்தான்.

குண்டு பல்பையே மங்க வைப்பதும் லாபமில்லை. மின்னழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆனால், மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு செலவாகிக்கொண்டிருக்கும்.

ஆக, மின்சாரத்தை மிச்சப்படுத்துவது எல்.இ.டி. முட்டையைக் காப்பது டைமர். டிம்மரின் பயன், கொத்துதலைக் குறைப்பதிலும், அந்திப்பொழுதை உருவாக்குவதிலும்தான் இருக்கிறது.

திறந்தவெளிக் கொட்டகையும் டிம்மரும்

நம் ஊரில் பெரும்பாலான கொட்டகைகள் பக்கவாட்டில் கம்பிவலை வைத்துத் திறந்தவை. பகலில் உள்ளே வரும் வெளிச்சம், விளக்கு வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே டிம்மர் ஆளக்கூடியது இரவை மட்டும்தான். பகலில் கோழிகள் கொத்துகின்றன என்பதற்காக டிம்மர் வாங்கினால் பயனில்லை. கிழக்கு, மேற்குப் பக்கம் நிழல்வலை, கூரையின் இறவாரத்தை நீட்டுவது, நெருக்கத்தைக் குறைப்பது, தீவனத்தில் குறை இருந்தால் சரிசெய்வது ஆகியவைதான் அதற்கு வழி. முழுவதும் மூடிய கொட்டகையில் நிலைமை தலைகீழ். அங்கே சூரியன் இல்லை. டிம்மர் இல்லாமல் பண்ணையே நடத்த முடியாது.

ஆழ்கூளத்தில் வளரும் கோழிகளுக்கு, மாலையில் விளக்கு பட்டென்று அணைவது பெரிய தொல்லை. பரணில் ஏறாத கோழிகள் தரையிலேயே தடுமாறும். மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். டிம்மர் இருந்தால் 15 முதல் 30 நிமிடத்தில் மெல்ல அணைக்கலாம். டிம்மர் இல்லாதவர்களுக்கும் செலவில்லாத வழி இருக்கிறது. கூடுதல் வெளிச்சம் முழுவதையும் அதிகாலைக்கு மாற்றிவிடலாம். 15 மணி நேரம் தேவையென்றால், 3 மணிக்கு விளக்கைப் போட்டு, விடிந்ததும் அணைத்துவிட வேண்டும். மாலையில் விளக்கே தேவையில்லை. சூரியன் மெல்ல மறையும். கோழிகள் தாமாகப் பரணேறும். இயற்கையைவிட நல்ல டிம்மர் கிடையாது. கோடையில் இன்னொரு நன்மையும் உண்டு. குளிர்ந்த அதிகாலையில் கோழிகள் நன்றாகத் தீவனம் எடுக்கும்.

கண்ணுக்குத் தெரியாத துடிப்பு

மலிவான எல்.இ.டி பல்புகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. கோழியின் கண் நம்மைவிட வேகமான துடிப்பைப் பிரித்துணரக்கூடியது. தரமற்ற டிம்மரில் துடிப்பின் வேகம் இன்னும் குறையும், கோழிகள் அமைதியிழக்கும். மொபைல் கேமராவை விளக்குக்கு அருகில் காட்டினால், திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா என்று பார்க்கலாம். தடித்த பட்டைகள் ஓடினால், அந்தப் பல்பைத் தவிர்ப்பது நல்லது. முழு வெளிச்சத்தில் ஒருமுறை, மங்க வைத்து ஒருமுறை என்று இரண்டு தடவை சோதிக்க வேண்டும்.

யாருக்கு எது?

* வீட்டில் 100 கோழிகள் வரை: எல்.இ.டி பல்பு, பேட்டரி உள்ள டைமர். அதிகாலை வெளிச்சம் மட்டும். டிம்மர் தேவையில்லை.
* ஆழ்கூளத்தில் 500 முதல் 2,000 முட்டைக்கோழிகள்: டிஜிட்டல் டைமர், கான்டாக்டர், இரண்டு வரிசை வயரிங். மாலையிலும் விளக்கு எரிய வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும், மெல்ல அணையும் டிம்மர்.
* கூண்டு முறை: டைமர் அவசியம். மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் வெளிச்சம் மாறும் என்பதால், டிம்மரைவிட விளக்கு மாட்டும் இடம் முக்கியம். நடைபாதைக்கு மேலே சீரான இடைவெளியில் மாட்டி, கீழ் அடுக்குத் தீவனத் தொட்டியில் அளந்து பார்க்க வேண்டும்.
* திறந்தவெளி பிராய்லர் கொட்டகை: முதல் வாரத்துக்குப் பிறகு வெளிச்சத்தைக் குறைக்க, வரிசைப் பிரிப்பு அல்லது டிம்மர். இரவில் குறைந்தது 4 மணி நேரமாவது தொடர்ந்து இருட்டு தர டைமர்.
* மூடிய கொட்டகை: 0-10 வோல்ட் போன்ற முழுமையான டிம்மர் முறை. மாற்று மின்சாரமும் எச்சரிக்கை மணியும் கட்டாயம்.

வயரிங்கில் விடக்கூடாதவை

கொட்டகையில் தூசியும் ஈரமும் அம்மோனியாவும் எப்போதும் இருக்கும். விளக்கு, பெட்டி இரண்டுமே தூசி, நீர் புகாத ஐ.பி 65 தரத்தில் இருக்க வேண்டும். டைமரையும் டிம்மரையும் கொட்டகைக்கு வெளியே, நிழலில் மாட்டுவது நல்லது. எலி கடிக்காதபடி வயர் முழுவதும் குழாய்க்குள் போக வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி-யும், முறையான எர்த்தும் கட்டாயம். டைமரும் டிம்மரும் பழுதானால் நேரடியாக விளக்கைப் போட, ஒரு மாற்று சுவிட்ச் இருக்க வேண்டும். இந்த வேலைகளை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம்தான் கொடுக்க வேண்டும்.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

*இரவு கரன்ட் போய் 2 மணி நேரம் வெளிச்சம் தவறிவிட்டது. மறுநாள் கூட்டி ஈடுகட்டலாமா?*

வேண்டாம். கோழிக்குத் தேவை ஒழுங்கு. மறுநாள் வழக்கமான நேரத்துக்கே திரும்பினால் போதும். அடிக்கடி தவறினால், பேட்டரி விளக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

*குஞ்சுகளுக்குப் புரூடரில் குண்டு பல்புக்குப் பதில் எல்.இ.டி போடலாமா?*

கூடாது. புரூடரில் பல்பு இருப்பது முக்கியமாகச் சூட்டுக்காக. எல்.இ.டி அந்தச் சூட்டைத் தராது. குஞ்சுகள் குளிரில் ஒடுங்கி இறக்கும். சூட்டுக்கு வேறு ஏற்பாடு இருந்தால் மட்டும் எல்.இ.டி போடலாம். குண்டு பல்பு புரூடருக்கு டிம்மர் போட்டிருந்தால், வெளிச்சத்தைக் குறைக்கும்போது சூடும் குறையும் என்பதை மறக்கக் கூடாது.

*எந்த நிற வெளிச்சம் நல்லது?*

முட்டைக்கோழிகளுக்கு இளமஞ்சள் வெளிச்சம். அதில் சிவப்புக் கதிர் கூடுதல். மண்டை ஓட்டைத் தாண்டி எளிதில் போவது அதுதான். நீல வெளிச்சத்தில் கோழிக்குப் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால், இரவில் கோழி பிடிக்க அது உதவும்.

*30 நாட்டுக்கோழிகளுக்கு விளக்கு போட்டால் தினமும் முட்டை கிடைக்குமா?*

கிடைக்காது. விளக்கு ஓரளவு தூண்டும். ஆனால், அடைக்கு உட்காரும் குணம் விளக்கால் மாறாது. வெளிச்சம் கூட்டினால் தீவனமும் கூட்டித் தர வேண்டும்; வெறும் வயிற்றில் முட்டை வராது.

*வெளிச்சத்தை எப்படி அளப்பது?*

லக்ஸ் மீட்டர் இருந்தால் நல்லது. இரவில், கோழியின் தலை உயரத்தில், விளக்குக்கு நேர் கீழேயும் இரண்டு விளக்குகளுக்கு நடுவிலும் அளக்க வேண்டும். மொபைல் செயலிகள் தோராயமாகத்தான் காட்டும். இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க அவை உதவும். அளப்பதற்கு முன்பு பல்புகளைத் துடைத்துவிட வேண்டும். தூசி படிந்த பல்பு, காசு கொடுத்து வாங்காத டிம்மர்.

புதிதாகக் கருவி வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. டைமர் காட்டும் நேரத்தையும் மொபைல் காட்டும் நேரத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது. பிறகு, விளக்கு எரியும் நேரம், அணையும் நேரம், அன்றைய முட்டை எண்ணிக்கை மூன்றையும் ஒரே நோட்டில் தினமும் எழுதிவர வேண்டும். முட்டை குறையும்போது காரணம் விளக்கா, தீவனமா, நோயா என்று அந்த நோட்டே பாதி சொல்லிவிடும். மீதியை, நோட்டோடு போய் அருகில் உள்ள கால்நடை மருத்துவரிடமோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.